கவுன்சிலர் வேட்பாளரிடம் நான் முதலில் கேட்பது வடிகாலைப் பற்றித்தான்

"மாநகராட்சித் தேர்தலில் நிற்கும் வேட்பாளர் எதற்கு முதலிடம் தர வேண்டும், நீங்கள் எதைப் பார்த்து ஓட்டுப் போடுவீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னையில் இருப்பவன். எங்கள் தெருவை வைத்தே சொல்கிறேன்.

2022 பிப்ரவரி 19 தேர்தலுக்கு முந்தைய வாரம் நான்கு வேட்பாளர்கள் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று பேர் கும்பிட்டு, நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஒருவர் நோட்டீசில் எல்லோருக்கும் பட்டா, பக்கத்திலேயே மெட்ரோ ஸ்டேஷன் என்று போட்டிருந்தது. பட்டா கொடுப்பது வருவாய்த் துறை. மெட்ரோவுக்குத் தனி நிறுவனம் இருக்கிறது. சென்னையில் குடிநீரும் பாதாளச் சாக்கடையும்கூட மாநகராட்சியிடம் இல்லை, குடிநீர் வாரியத்திடம் இருக்கின்றன. குப்பை, தெருவிளக்கு, உள்தெருச் சாலை, மழைநீர் வடிகால், கொசு மருந்து, மாநகராட்சிப் பள்ளி, இதெல்லாம்தான் மாநகராட்சியின் வேலை. தன் கையில் எது இருக்கிறது என்று தெரியாதவருக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன்.

நான்காவதாக வந்தவர் ஒரு பெண். வாசலில் நின்றதும் வடிகால் மூடியைப் பார்த்தார். "ஏம்மா, மழைத்தண்ணி போற கால்வாயில சாக்கடை வாடை வருதே, யாராவது கனெக்‌ஷன் குடுத்திருக்காங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்கு அது போதும். அரை மணி நேரம் அவரை விடவில்லை.

அம்மா அன்று சொன்னதுதான் எங்கள் தெருவின் மொத்தக் கதையும். ஒவ்வொரு வருடமும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பர் வாக்கில் தூர் வாருவார்கள். கறுப்புச் சகதியும் பிளாஸ்டிக் கவரும் தேங்காய் மட்டையுமாக அள்ளி, மூடிக்குப் பக்கத்திலேயே குவித்துவிட்டுப் போவார்கள். எடுத்துப்போக லாரி வர நான்கைந்து நாள் ஆகும். அதற்குள் ஒரு மழை அடித்தால் அத்தனையும் திரும்ப உள்ளே போய்விடும். தூர் வாரியதாகக் கணக்கு இருக்கும், நவம்பரில் எங்கள் வீட்டு முதல் படி தண்ணீரில் இருக்கும். பணம் செலவாகிறது, ஆட்கள் உழைக்கிறார்கள், ஆனால் லாரி என்றைக்கு வரும் என்று கேட்க ஆள் இல்லை. அதைக் கேட்பதைத்தான் ஒரு கவுன்சிலரின் முதல் வேலையாக நான் பார்க்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தபின், 2022 மார்ச் வரை சென்னைக்குக் கவுன்சிலர்களே கிடையாது. 2019 தண்ணீர்ப் பஞ்சம், கொரோனா, 2021 நவம்பர் வெள்ளம், எல்லாமே அந்த இடைவெளியில் வந்தவை. எல்லாவற்றுக்கும் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு போன் போட்டுக் காத்திருந்தோம். அப்படியிருந்தும் 2022-இல் சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அதனால் என் இரண்டாவது கேள்வி, "பகுதி சபைக் கூட்டத்தை ஒழுங்காக நடத்துவீர்களா?" என்பது. பகுதி சபை என்பது ஒரு பகுதியின் மக்கள் கூடித் தங்கள் குறைகளைச் சொல்லும் கூட்டம். சென்னையில் ஒவ்வொரு வார்டையும் பத்துப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். 2022 நவம்பர் 1 அன்று இந்தக் கூட்டங்கள் தொடங்கின. கவுன்சிலர்தான் தலைமை. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அந்தப் பெண்மணிக்குத்தான் நானும் அம்மாவும் ஓட்டுப் போட்டோம், அவர் ஜெயிக்கவில்லை. ஜெயித்தவர் நடத்திய பகுதி சபை ஒன்றுக்கு எங்கள் தெருவிலிருந்து பதினொரு பேர் போனோம். அள்ளிய சகதியை மறுநாளே எடுக்க வேண்டும் என்ற ஒரே ஒரு கோரிக்கையை எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அந்த செப்டம்பரில் சகதி வாசலில் ஒரு ராத்திரிதான் கிடந்தது. காலையில் லாரி சத்தம் கேட்டு அம்மாதான் என்னை எழுப்பினார்.