எண்ணிக்கைக்கு அப்பால் லேவர்

கேள்வி: டென்னிஸின் நான்கு பெரும் போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்களில் ஜோகோவிச் 24 ஒற்றையர் பட்டங்களை வென்றிருக்கையில், 11 மட்டுமே வென்ற ராட் லேவரை அவருக்கு இணையாக வைத்துப் பேசுவது பொருந்துமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பொருந்தும் என்றே கருதுகிறேன். எண்ணிக்கை மட்டுமே அளவுகோல் என்றால், 12 பட்டங்கள் வென்ற ராய் எமர்சனை லேவருக்கு மேலே வைக்க வேண்டியிருக்கும். ஆனால் அவற்றில் 10 பட்டங்கள், 1963 முதல் 1967 வரை, லேவர் களத்தில் இல்லாத ஆண்டுகளில் கிடைத்தவை.

1968 ஏப்ரல் வரை கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் அமெச்சூர் ஆட்டக்காரர்கள், அதாவது பணத்துக்காக ஆடாதவர்கள், மட்டுமே அனுமதிக்கப்பட்டனர். 1962இல் நான்கு பட்டங்களையும் ஒருசேர வென்ற லேவர், அதன்பின் தொழில்முறை ஆட்டக்காரரானதால், 24 வயதிலிருந்து 29 வயதுவரை, அதாவது உடலும் ஆட்டமும் உச்சத்தில் இருக்கும் பருவத்தில், 21 கிராண்ட் ஸ்லாம் போட்டிகளை இழந்தார். தடை நீங்கிய 1968இலேயே விம்பிள்டனை வென்றார். 1969இல் மீண்டும் நான்கையும் வென்றார்.

இந்த இரண்டு சாதனைகளையும் நான் ஒன்றாக மதிப்பதில்லை. 1962இல் ரோஸ்வால், ஹோட், கொன்சாலஸ் ஆகிய தொழில்முறை வீரர்கள் வெளியே இருந்தனர். அடுத்த ஆண்டு அவர்களுடன் சேர்ந்த தொடக்கத்தில் லேவர், ரோஸ்வாலிடமும் ஹோடிடமும் அடுத்தடுத்துத் தோற்றார். தன் காலத்தின் மிகச் சிறந்தோர் எதிரே நின்றபோது ஒருவர் என்ன செய்தார் என்பதே நியாயமான கேள்வி. அதற்கு 1969தான் விடை. இன்றைய மட்டையைவிட மிகச் சிறிய முகம் கொண்ட மரமட்டையால், இடக்கைப் பேக்ஹேண்டிலும் (புறங்கை வீச்சு) பந்தை மேல்சுழலுடன், அதாவது முன்னோக்கிச் சுழலும்படி, அடித்தவர் அவர். அந்த உழைப்பில் அவருடைய இடது முன்கை, வலது கையைவிடப் பார்த்தவுடன் தெரியும்படி பருத்திருந்தது.

இதே கேள்வியை ஜோகோவிச்சிடம் வைத்தால், அவர் பக்கமும் வலுவானது. 1969இல் நான்கில் மூன்று போட்டிகள் புல்தரையில் நடந்தன. பாரிஸ் மட்டுமே களிமண். ஜோகோவிச்சோ கடினத்தரை, களிமண், புல் என மூன்றிலும் வென்றதோடு, நேருக்கு நேர் ஆட்டங்களில் ஃபெடரரை 27–23 என்றும் நடாலை 31–29 என்றும் முந்தியவர். நீண்ட ஆட்ட வாழ்க்கைக்கு ஜோகோவிச்சையும், ஒற்றை ஆண்டின் உச்சத்துக்கு லேவரையும் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: அந்தக் காலத்தில் நம் ராமநாதன் கிருஷ்ணனின் இடம் எது?
– வாசகர், சென்னை

பதில்: மிக உயர்ந்த இடம். நாடுகளுக்கிடையேயான அணிப் போட்டியான டேவிஸ் கோப்பையில் 1959இல் லேவரையே தோற்கடித்தவர் அவர். 1961 விம்பிள்டன் கால் இறுதியில் எமர்சனை வென்று, அரை இறுதியில் லேவரிடம் தோற்றார். தொழில்முறை வீரர்கள் இல்லாத களம் என்பது அவருக்கும் பொருந்தும்தான். ஆனால் அன்று களத்தில் இருந்த மிகச் சிறந்த இருவரையும் அவர் வென்றிருக்கிறார். 1962 விம்பிள்டனில் நான்காம் தரநிலை பெற்றிருந்தும் கணுக்கால் காயத்தால் விலக நேர்ந்தது.