2003 மாடல் மாருதி 800 செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். சீட் பெல்ட்டைச் சட்டென்று இழுத்தால் பிடித்துக்கொள்கிறது. இது போதுமா?

போதாதுங்க. முதலில் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்து, ஓரத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். தினமும் வெளியே தெரியும் பகுதி நன்றாக இருக்கலாம். ஆனால் உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியில் நூல் பிரிந்தோ, எலி கடித்தோ இருக்கலாம். ஓர் இடம் மட்டும் அலையலையாக, உருகியதுபோல் பளபளத்தால் அந்த பெல்ட் ஏற்கனவே ஒரு விபத்தைத் தாங்கியிருக்கலாம். உடனே மாற்றுங்கள். தையல்காரரிடம் கொடுத்துத் தைத்துப் போடவே போடாதீர்கள், உயிர் சமாச்சாரம்.

பக்கிளில் 'க்ளிக்' சத்தம் வந்ததும் பலமாக இழுத்துப் பாருங்கள், கழன்று வரக்கூடாது. பட்டனை அழுத்தினால் பெல்ட்டின் உலோக நாக்கு தானாக வெளியே வரணும்.

வண்டி திடீரென வேகம் குறைந்தாலும் பெல்ட் பூட்டிக்கொள்ள வேண்டும். பல வண்டிகளில் இதற்கு ரிட்ராக்டருக்குள் (பெல்ட்டைச் சுருட்டி வைக்கும் பகுதி) ஒரு சின்ன குண்டோ ஊசலோ இருக்கும். ஆளில்லாத மைதானத்தில் 10 கி.மீ. வேகத்தில் பிரேக் அடித்து முன்னால் சாய்ந்து பாருங்கள். ஸ்டியரிங்கில் மோதிவிடாதபடி கை தயாராக இருக்கட்டும்.

சுருள மெதுவாக இருந்தால் பெரும்பாலும் அழுக்குதான். மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். பெல்ட்டை வண்டியோடு பிணைக்கும் அடி போல்ட்டில் துரு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.