யாருடைய டிராஃப்ட் சிறந்தது?

நிஜ வீரர்களின் புள்ளிவிவரங்களை அட்டைகளாக்கி, பகடை உருட்டி ஆடும் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் பேஸ்பால் விளையாட்டில் நண்பர்களோடு லீக் நடத்துகிறீர்கள். டிராஃப்ட் (முறை வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) முடிந்ததும் எந்த அணி வலுவானது என்று எப்படிக் கணிப்பது எனக் கேட்கிறீர்கள்.

வீரர்களின் பெயரில் மயங்காமல் அட்டையைப் பாருங்கள். முதல் பகடையில் 1 முதல் 3 வரை விழுந்தால் ஆட்டத்தின் முடிவைச் சொல்வது பேட்டரின் (பந்தை அடிப்பவரின்) அட்டை. 4 முதல் 6 என்றால் பிட்சரின் (பந்து வீசுபவரின்) அட்டை. ஆக, இரு பக்கத்துக்கும் சரிபாதி எடை.

பேட்டர்களிடம் அடிக்கும் சராசரியைவிடத் தளத்தை எட்டும் விகிதமே பெரிது. 2004இல் பாரி பாண்ட்ஸ் 232 முறை 'வாக்' (நான்கு தவறான பந்துகளுக்காக அடிக்காமலே முதல் தளம்) பெற்று .609 விகிதத்தைத் தொட்டார். அந்த அட்டை வாய்த்தவருக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. (எனக்கு வாய்த்ததே இல்லை.)

பலர் கோட்டை விடுவது ஷார்ட்ஸ்டாப்பில்தான் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நின்று தடுப்பவர்). தடுப்பாட்டத்துக்கு 1 சிறப்பு, 5 மோசம். அங்கே 4 எண்காரரை நிறுத்தினால், அருமையான பிட்சரை எடுத்தும் ஓட்டங்கள் கசியும்.