தொண்டு நிறுவனத்துக்குக் கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர் வாங்க நிதியுதவி கேட்டால் மறுக்கிறார்களே, எப்படிக் கேட்பது?

தொண்டு நிறுவனங்களுக்குப் பல ஆண்டுகளாக ப்ரொபோசல் எழுதி வருகிறேன். இந்த வகையில் நான் எழுதிய முதல் விண்ணப்பம் இரண்டே வரிப் பதிலோடு திரும்பி வந்தது. 15 லேப்டாப், 1 சர்வர், 2 பிரிண்டர் என்று பட்டியல் போட்டு, கொட்டேஷனையும் இணைத்திருந்தேன். அதெல்லாம் வந்து சேர்ந்தால் யாருக்கு என்ன மாறும் என்று மட்டும் ஓரிடத்திலும் எழுதவில்லை.

அடுத்த முறை எழுதுவதற்கு முன்னால் களப்பணியாளர்களின் நோட்டுகளை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். நீண்டகால நோயாளிகளுக்கு மாதாமாதம் மருந்து கிடைக்கிறதா என்று கவனிக்கும் திட்டம் அது. ஒரே அம்மாவின் பெயர் மூன்று நோட்டில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. நான்கு மாதமாக அவர் மருந்து வாங்கவே வரவில்லை. அடுத்தவர் பார்த்துக்கொள்கிறார் என்றே மூன்று பேரும் நினைத்திருந்தார்கள். பெயரையும் அடையாளங்களையும் மறைத்து அந்த மூன்று பக்கங்களையும் படமெடுத்து, விண்ணப்பத்தின் தொடக்கத்திலேயே வைத்தோம். “மருந்து வாங்க வராதவரை ஒரே வாரத்தில் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு இது தேவை” என்று கேட்டோம். லேப்டாப் என்ற சொல் நான்காம் பக்கத்தில்தான் வந்தது. நிதி கிடைத்தது.

பட்ஜெட்டில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வாங்கும் விலையை மட்டும் எழுதிவிட்டு, பழைய நோட்டுகளில் இருப்பதைக் கணினியில் ஏற்றும் கூலி, பயிற்சி, ஆண்டுச் சந்தா, இணையக் கட்டணம், பழுது, பேக்கப் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் ஆண்டு சந்தா கட்டப் பணமில்லாமல் மொத்தமும் நின்றுபோகும். குறைந்தது மூன்று ஆண்டுச் செலவைக் காட்டுங்கள். அந்த சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளத்தில் ஒரு பங்கையும் கூச்சப்படாமல் சேருங்கள். ஆள் இல்லாத சாஃப்ட்வேரை ஆறு மாதத்தில் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள், கண்ணால் கண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் ‘நிர்வாகச் செலவு’ என்ற ஒரே தலைப்பில் போட்டுவிடாதீர்கள். அந்தத் தலைப்புக்குப் பல நிதியாளர்கள் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். வரம்புக்குப் பயந்து நிறுவனங்கள் செலவைக் குறைத்துக் காட்ட, அதைப் பார்த்த நிதியாளர்கள் இன்னும் குறைவாக எதிர்பார்க்க, நிறுவனம் மெலிந்துகொண்டே போகும். 2009-இல் ஸ்டான்ஃபோர்டு சோஷியல் இன்னோவேஷன் ரிவ்யூ இதழில் வந்த ஒரு கட்டுரை இதைப் பட்டினிச் சுழற்சி என்றே சொன்னது. அமெரிக்க மத்திய அரசின் மானியங்களில், அரசோடு தனி விகிதம் பேசி வாங்காத அமைப்புகள் மறைமுகச் செலவாக, அதாவது வாடகை, கணக்கு வேலை போன்ற பொதுச் செலவாக, எடுத்துக்கொள்ளக்கூடிய அளவு 2024 அக்டோபரில் 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது. மாற்றம் வருகிறது, ஆனால் மெதுவாக. அதுவரை, திட்டத்துக்கு நேரடியாகப் பயன்படும் கருவியைத் திட்டச் செலவாகவே காட்டலாம், அது நேர்மையான கணக்குதான். இரண்டு திட்டங்களுக்குப் பொதுவானது என்றால் எந்த விகிதத்தில் பிரித்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இலவசமாகவோ சலுகையிலோ கிடைப்பதற்குப் பணம் கேட்காதீர்கள். தொண்டு நிறுவனங்களுக்குச் சலுகையில் மென்பொருள் பெற்றுத் தரும் டெக்சூப் அமைப்பு வழியாகப் பல சாஃப்ட்வேர்கள் குறைந்த கட்டணத்தில் கிடைக்கின்றன. கூகுள் ஆட் கிராண்ட்ஸ் திட்டம் தகுதியுள்ள அமைப்புகளுக்கு மாதம் 10,000 டாலர் மதிப்பு வரை கூகுள் தேடலில் இலவச விளம்பரம் தருகிறது. நன்கொடையாளர், பயனாளிகளின் விவரங்களைப் பராமரிக்க உதவும் மென்பொருளுக்கு சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் 10 லைசென்ஸ் இலவசமாகத் தருகிறது; அதே வேலைக்கான சிவிசிஆர்எம், யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள். பதிவுச் சான்று சரிபார்க்கவே நாளாகும் என்பதால் முன்கூட்டியே தொடங்குங்கள். இலவசமாக வந்தாலும், உங்கள் வேலைக்கு ஏற்றபடி அமைக்க ஆளும் நேரமும் வேண்டும். நிதியைக் கேட்க வேண்டியது அதற்குத்தான். இலவசமாகப் பெற்றதன் மதிப்பை உங்கள் பங்களிப்பாகக் காட்ட முடியுமா என்றும் நிதியாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

யாரிடம் கேட்பது? புது நிதியாளரைத் தேடுவதற்கு முன், இப்போது உங்களுக்கு நிதி தருபவரிடம் பேசுங்கள். உங்கள் ரிப்போர்ட் ஏன் தாமதமாகிறது, எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். திட்டத்தில் செலவாகாமல் நிற்கும் தொகை இருந்தால், புது சாஃப்ட்வேரை ஒரு கிளையில் மட்டும் முன்னோட்டம் பார்க்க அந்தத் தொகையை மாற்றித் தர முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். எனக்குத் தெரிந்த மூன்று அமைப்புகள் அப்படித்தான் தொடங்கின. முன்னோட்டத்தில் கிடைத்த எண்களை வைத்துத்தான் பிறகு பெரிய விண்ணப்பம் போட்டார்கள்.