கைச்சூடு பழகினால் என்ன?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது மாதம். மூளை நன்றாக வளரட்டும் என்று எழுத்து அட்டைகள் வாங்கிவிட்டேன். போனில் பாட்டு வீடியோவும் போடுகிறேன். என் மனைவியோ, அவன் சிணுங்கினாலே ஓடிப்போய்த் தூக்கிவிடுகிறாள். கைச்சூடு பழகினால் பிறகு இறங்கவே மாட்டான் என்றால் கேட்பதில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: சொல்கிறேன், உங்களுக்கு. கடிதத்தில் அட்டை வருகிறது, வீடியோ வருகிறது, மனைவி மேல் புகார் வருகிறது. நீங்கள் மகனை மடியில் போட்டுக்கொண்ட சேதி மட்டும் எங்கேயும் வரவில்லை.

உங்கள் கட்சியில் பெரிய ஆள் ஒருவர் உண்டு. ஜான் வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர். பிள்ளையைக் கட்டி முத்தமிடாதீர்கள், காலையில் கைகுலுக்கினால் போதும் என்று 1928-ல் புத்தகமே போட்டார். உங்கள் மகனிடம் கைகுலுக்கிப் பாருங்கள், விரலைப் பிடித்து வாயில் வைப்பான்.

பிறக்கும்போது மூளையின் எடை பெரியவர் மூளையில் ஏறத்தாழ கால் பங்கு. இரண்டு வயதில் முக்கால் பங்கைத் தொட்டுவிடும். புழங்குகிற நரம்பு இணைப்பு பலப்படும், புழங்காதது உதிரும். புழக்கம் என்பது அட்டையில் யானையைக் காட்டுவதல்ல. பிள்ளை ‘ங்கா’ என்றால் ஒரு முகம் திரும்ப வேண்டும்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு தாயைப் பார்த்திருக்கிறேன். மடியில் சொளவு, கால் பெருவிரலில் தொட்டில் கயிறு. உள்ளேயிருந்து சத்தம் வந்ததும், கை நிற்காமலே, “என்னய்யா, யாரு ஏசுனா ஒன்னைய?” என்றார். பிள்ளை என்னவோ சொன்னது. “அப்படியா சொன்னாக?” என்று இவர் கேட்க, பேச்சு பத்து நிமிஷம் ஓடியது. (புகையிலைத் தூள் பக்கத்தில் பிள்ளையைப் போடுவது சரியல்ல, அதை மெச்சவில்லை.)

பதிலுக்கு ஆளே இல்லாவிட்டால்? ருமேனியாவின் அனாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை 2000-லிருந்து ஆராய்ந்தார்கள். அங்கே பால் உண்டு, கட்டில் உண்டு, தூக்கிக் கொஞ்சத்தான் போதிய ஆளில்லை. பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். இரண்டு வயதுக்குள் போய்ச் சேர்ந்தவர்களின் மூளை மின்னலைகள் எட்டு வயதில், சொந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுடையதை ஒத்திருந்தன. பிந்திப் போனவர்களுக்கு அந்த அளவு தேறவில்லை.

உங்கள் வீடு அனாதை இல்லம் அல்ல, வாஸ்தவம். ஆனால் எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970-களில் செய்த சோதனை உங்கள் வீட்டிலும் நடக்கலாம். கொஞ்சிக்கொண்டிருந்த தாயை சில நிமிஷம் முகத்தைக் கல்லாக வைத்திருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, கத்தியது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. போனைப் பார்க்கிற அப்பாவின் முகமும் அந்தக் கல் முகம்தான். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது.

ஒவ்வொரு சிணுங்கலுக்கும் ஓட வேண்டியதில்லை. உலை கொதிக்கும்போது அடுப்படியிலிருந்து “இந்தா வாரேன் ராசா” என்று குரல் கொடுத்தாலும் கணக்கில் சேரும். அந்தக் குரல் தாயுடையதாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆச்சி போதும், அத்தை போதும், ஏன், அப்பாவும் போதும்.

மனைவிக்குச் சொல்லச் சொன்னீர்களே: ராத்திரி அவன் அழுதால், அம்மா, நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அவர் எழுந்து தூக்குவார்.