சட்டமும் கணினியும் ஒரே பட்டத்தில்: முன்பணம் கட்டும் முன்

கேள்வி: சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன், ஐயா. என் கணவர் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். நான் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறேன். மூத்த மகள் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் ஏழு ஏ வாங்கினாள். இப்போது ஆறாம் படிவத்தில் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் கோயில் மண்டபத்தில் நடந்த கல்விக் கண்காட்சிக்கு வந்த ஒருவர், சட்டமும் தகவல் தொழில்நுட்பமும் சேர்ந்த பட்டப்படிப்பு இருக்கிறது என்றார். அடித்தளப் படிப்பு ஓராண்டு, பிறகு மூன்றரை ஆண்டு; முடித்தால் இரண்டு பட்டம்; வழக்கறிஞராகவும் ஆகலாம், கணினித் துறைக்கும் போகலாம்; ஆறாம் படிவம் தேவையே இல்லை என்கிறார். இடம் பிடித்து வைக்க 1,500 வெள்ளி கேட்கிறார். மகள் மிகவும் ஆசைப்படுகிறாள். இதைப் படித்தால் அவள் உண்மையிலேயே வழக்கறிஞர் ஆக முடியுமா?

பதில்: அம்மா, 1,500 வெள்ளியைக் கட்டாதீர்கள். மகளை ஆறாம் படிவத்திலிருந்து நிறுத்தாதீர்கள். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை ஆற அமரப் படியுங்கள்.

உங்கள் மகளின் ஆசையில் ஒரு குறையும் இல்லை. நம் மலேசியாவில் கணினிக் குற்றச் சட்டம் 1997-இலேயே வந்துவிட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் வந்தது. இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. பெருமளவில் மக்களின் விவரங்களைக் கையாளும் நிறுவனங்கள் 2025 ஜூன் முதல் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்தாக வேண்டும். சட்டமும் தெரிந்து, கணினி எப்படி வேலை செய்கிறது என்பதும் தெரிந்தவர்கள் நம் சமுதாயத்தில் நிறையப் பேர் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் அதிகம்.

கணினித் துறையில் வேலை பார்க்க உரிமம் எதுவும் தேவையில்லை. திறமை இருந்தால் பட்டம் இல்லாதவர்கூட உள்ளே நுழையலாம். இருபத்தைந்து வயதிலும் கற்றுக்கொள்ளலாம், முப்பத்தைந்திலும் கற்றுக்கொள்ளலாம். வழக்கறிஞர் தொழில் அப்படி இல்லை. அந்தக் கதவுக்கு ஒரே பூட்டு, ஒரே சாவி. 1976-ஆம் ஆண்டின் சட்டத் தொழில் சட்டம்தான் அந்தப் பூட்டு. அந்தச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்டத் தொழில் தகுதி வாரியம், அதாவது கடிதத் தலைப்பில் ‘லெம்பாகா கெலாயாக்கான் புரோஃபெஷன் உண்டாங்-உண்டாங்’ என்று இருக்குமே, அதுதான் எந்தப் பட்டம் செல்லும், எது செல்லாது என்று முடிவு செய்கிறது. சட்டத்துறைத் தலைவர், இரண்டு நீதிபதிகள், வழக்கறிஞர் மன்றத் தலைவர், ஒரு பல்கலைக்கழகச் சட்டப்புல முதல்வர் ஆகியோர் அந்த வாரியத்தில் இருக்கிறார்கள். கோயில் மண்டபத்தில் மேசை போட்டவர் அதில் இல்லை.

பட்டம் செல்லும் என்றால் அடுத்து சி.எல்.பி. எனும் சட்டத் தொழில் சான்றிதழ்த் தேர்வு. அதன்பிறகு, குறைந்தது ஏழாண்டு அனுபவம் உள்ள வழக்கறிஞரிடம் ஒன்பது மாதப் பயிற்சி. அதற்கும் பிறகுதான் உயர் நீதிமன்றம் அங்கியைத் தருகிறது. மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம் போன்ற நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் சட்டம் படித்தவர்கள் சி.எல்.பி. எழுத வேண்டியதில்லை; நேராகப் பயிற்சிக்குப் போகலாம். அந்த ஒரு தேர்வு எத்தனை பேரை ஆண்டுக்கணக்கில் உட்கார வைத்திருக்கிறது என்பதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: இந்தச் சலுகையின் மதிப்பை எந்த முகவரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார். ஏனென்றால் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாணவரை அனுப்பினால் அவருக்குக் கமிஷன் கிடையாது.

இப்போது பெரிய பொறிக்கு வருகிறேன். விளம்பரத் தாளில் ‘எம்.கியூ.ஏ. அங்கீகாரம் பெற்றது’ என்று தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். அது பொய்யாக இருக்காது. ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதிலே ஆகாது. எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி நிறுவனம் பார்ப்பது படிப்பின் தரத்தை. அந்தப் பட்டத்தை வைத்து நீதிமன்றத்தில் நிற்கலாமா என்பதைச் சொல்வது தகுதி வாரியம். இரண்டும் வேறு வேறு அலுவலகங்கள். ஒன்றின் முத்திரை மற்றொன்றில் செல்லாது. நில அலுவலக ரசீதைக் காட்டிச் சாலைவரி கட்டியாகிவிட்டது என்று சொல்ல முடியுமா? அதேதான் இதுவும்.

அந்தத் தாளையே கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். அடியில் சின்ன எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதில் ‘எஃப்.ஏ.’ என்று இருந்தால் முழு அங்கீகாரம், ‘பி.ஏ.’ என்று இருந்தால் தற்காலிக அங்கீகாரம், அதாவது படிப்பு இன்னும் சோதனையில் இருக்கிறது. புதுப் படிப்பு பொதுவாக ‘பி.ஏ.’யில்தான் தொடங்கும், அது குற்றமில்லை. ஆனால் உங்கள் மகள் முதல் அணியில் போய் உட்காரப் போகிறாளா என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா? எம்.கியூ.ஏ. பதிவேடு இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. படிப்பின் பெயரை எழுத்து மாறாமல் அதில் தேடச் சொல்லுங்கள். பெயர் கொஞ்சம் மாறியிருந்தாலும் அது வேறு படிப்பு.

சென்ற ஆண்டு ஓர் இளைஞர் தன் தந்தையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். தோட்டத்துப் பிள்ளை. நீலநிறக் கோப்பில் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பட்டமளிப்பு விழாப் படம் எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். பட்டத்தின் பெயரில் ‘சட்டம்’ என்ற சொல் இருந்தது. பட்டியலில் நாற்பது பாடங்கள். நான் பென்சிலை எடுத்துச் சட்டப் பாடங்களை மட்டும் சுழித்துக்கொண்டே வந்தேன். பதினொன்று வந்தது. ஒப்பந்தச் சட்டம் இருந்தது, வணிகச் சட்டம் இருந்தது, இணையச் சட்டம் இருந்தது. நிலச் சட்டம் இல்லை. ஒருவர் சொத்தை மற்றொருவருக்காகப் பொறுப்பேற்று நடத்துவதைப் பற்றிய பொறுப்பாட்சிச் சட்டம் இல்லை. அரசியலமைப்பு ‘மலேசிய அரசாங்கம், ஓர் அறிமுகம்’ என்ற பெயரில் அரைப் பருவத்தில் முடிந்திருந்தது. அந்தத் தந்தை ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கட்டியவர். “எல்லாம் சட்டம்தானே, ஐயா?” என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்ல முடியும்? அந்தப் பையனுக்கு அது நல்ல பட்டமாகக்கூட இருக்கலாம், நிறுவனங்களில் வேலை கிடைக்கலாம். வழக்கறிஞர் ஆகும் வழி மட்டும் அதில் இல்லை.

ஆகவே பாடப் பட்டியலைக் கேளுங்கள். ஒப்பந்தம், தீங்கியல் (பிறருக்கு இழைத்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சட்டம்), குற்றவியல், அரசியலமைப்பு, நிலம், பொறுப்பாட்சி: இந்த ஆறும் சட்டப் பட்டத்தின் முதுகெலும்பு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது கணக்கு. நம் நாட்டில் ஓர் இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்றால் நாற்பது மணி நேர உழைப்பு. அப்படியானால் இரண்டு முழுப் பட்டங்கள் மூன்றரை ஆண்டில் எப்படி அடங்கும்? அந்தப் படிப்பின் மொத்த கிரெடிட் எவ்வளவு என்று அவரிடம் கேளுங்கள். 120-க்கோ 130-க்கோ பக்கத்தில் ஓர் எண்ணைச் சொன்னால், அது ஒரே பட்டம், இரண்டு பெயர். ஏதோ ஒரு பக்கத்தை வெட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் வெட்டுப்படுவது சட்டப் பக்கம்தான்.

“அப்படியானால் இரட்டைப் பட்டம் என்பதே பொய்யா?” என்று மகள் கேட்பாள். பொய்யில்லை. உண்மையான இரட்டைப் பட்டம் இருக்கிறது. இந்த உண்மையைக் காட்டித்தான் மற்றதை விற்கிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் இது நெடுங்காலப் பழக்கம். அங்கே சட்டம் தனியாகப் படித்தால் நான்கு ஆண்டு, தகவல் தொழில்நுட்பம் தனியாகப் படித்தால் மூன்று ஆண்டு; கூட்டினால் ஏழு. குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டில் நடத்துகிறது. மிச்சமாகும் ஒன்றரை ஆண்டு எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு பட்டத்திலும் மாணவர் தன் விருப்பத்துக்கு எடுக்கும் பாடங்கள் சில இருக்கும். சட்டத்தில் அந்த இடங்களைக் கணினிப் பாடங்களும், கணினியில் அந்த இடங்களைச் சட்டப் பாடங்களும் நிரப்பிவிடுகின்றன. கட்டாயப் பாடம் எதையும் தொடுவதில்லை. முடிவில் மாணவர் கையில் இரண்டு தனித்தனிச் சான்றிதழ்கள். ஒன்றில் சட்டம் மட்டும், மற்றொன்றில் தகவல் தொழில்நுட்பம் மட்டும். தகுதி வாரியத்தின் முன் வைக்க வேண்டியது அந்தச் சட்டச் சான்றிதழை. அது தன் காலில் தானே நிற்கிறது. பக்கத்துப் பட்டத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அப்படியிருந்தும் அந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டம் வாரியத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், ஊர் திரும்பி சி.எல்.பி.யும் எழுத வேண்டும். செலவு தோட்டத்துச் சம்பளத்துக்கு எட்டாது, அரசின் உயர்கல்வி நிதியான பி.டி.பி.டி.என். தரும் கடன் உள்நாட்டுப் படிப்புக்கு மட்டும்தான். எனவே உங்கள் முகவர் “ஆஸ்திரேலியாவில் இருப்பது போலத்தான் இதுவும்” என்று சொன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: “சான்றிதழ் ஒன்றா, இரண்டா?” ஒன்று என்றால் ஆஸ்திரேலியாவைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை இல்லை.

பி.டி.பி.டி.என். பற்றியும் ஒரு சொல். ‘அரசாங்கம் பணம் கொடுக்கும்’ என்று இவர்கள் சொல்வது வழக்கம். அது கடன், அம்மா. ஒரு விழுக்காடு நிர்வாகக் கட்டணத்தோடு உங்கள் மகள் பெயரில் ஏறும் கடன். படிப்பு வழக்கறிஞர் தொழிலுக்குச் செல்லாமல் போனாலும் கடன் செல்லுபடியாகும்.

ஆறாம் படிவம் தேவையில்லை என்று சொன்னாரே, அதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்.டி.பி.எம். மூன்று பருவம், ஒன்றரை ஆண்டு, அரசாங்கப் பள்ளியில் செலவு மிகக் குறைவு. அந்தச் சான்றிதழை உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் ஏற்கிறார்கள். தனியார் கல்லூரியின் அடித்தளப் படிப்பு பல நேரம் அதே கல்லூரியின் வாசலை மட்டுமே திறக்கும்; நடுவில் மனம் மாறினால் மாணவருக்குப் போக்கிடம் இல்லை. வாரியமும் பட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை, சட்டம் சேர்வதற்கு முன் என்ன படித்தீர்கள் என்றும் கேட்கும். ஏழு ஏ எடுத்த பிள்ளை எஸ்.டி.பி.எம்.மில் நன்றாகச் செய்து, யு.பி.யு. எனும் பொது விண்ணப்ப முறை வழியாக அரசுப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துக்கு விண்ணப்பிக்கட்டும். நான்கு ஆண்டு சட்டம். கணினியை அதன் பக்கத்திலேயே கற்றுக்கொள்ளலாம், பிறகும் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு தாய் இதையெல்லாம் துப்பறிந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை எனக்குப் பொறுக்கவில்லை. எந்தப் பட்டம் செல்லும் என்ற பட்டியலை ஒவ்வோர் இடைநிலைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட எவ்வளவு செலவாகும்? சி.எல்.பி.க்குப் பதிலாக எல்லாருக்கும் பொதுவான ஒரு தேர்வைக் கொண்டுவருவோம் என்ற பேச்சை எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பேசி முடிப்பதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பணம் கட்டிவிட்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முகவரிடம் படிப்பின் முழுப் பெயர், பாடப் பட்டியல், தகுதி வாரியம் தந்த அங்கீகாரக் கடிதத்தின் நகல் ஆகிய மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது தாள் வராது என்றே நினைக்கிறேன். வந்தாலும் வராவிட்டாலும், மகளை வாரியத்துக்கு நேரடியாக மலாயில் ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள்: இந்தப் பல்கலைக்கழகம், இந்தப் பட்டம், இந்தப் பாடங்கள், இதை முடித்தால் எனக்குச் சி.எல்.பி. எழுதத் தகுதி உண்டா? பதில் எழுத்தில் வரும்வரை ஒரு காசும் நகரக் கூடாது. வாய்ச் சொல், வாட்ஸ்அப் குரல் பதிவு, ‘போன வருடம் உங்கள் ஊர்ப் பெண் சேர்ந்தாள்’ என்ற கதை, இவை எதுவும் பதில் ஆகாது.

பதில் சாதகமாகவே வந்தாலும், பணத்தைக் கல்லூரியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் மட்டும் கட்டுங்கள், ரசீதில் கல்லூரியின் பெயர் இருக்கட்டும். மகளின் எஸ்.பி.எம். சான்றிதழின் அசலை ‘சரிபார்க்க’ என்று அவர் வாங்கி வைத்திருந்தால், நாளைக்கே கணவரையும் கூட்டிக்கொண்டு போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள்.