வேறு மத நம்பிக்கை உள்ளவருக்குத் தியானத்தைச் சிகிச்சையாகச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் முதலில் அவரிடம் கேட்க வேண்டும். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் மன அழுத்தத்தைக் குறைக்க ஜான் கபட்-ஜின் தொடங்கிய 8 வாரத் தியானப் பயிற்சி, பௌத்த தியானத்திலிருந்து எடுத்து மதச்சார்பில்லாமல் அமைத்தது. அந்த மூலத்தை மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் நேர்மை. சிலருக்கு அது தங்கள் நம்பிக்கைக்கு எதிரானதாகத் தோன்றும். சரி, அப்படியானால் அவர் ஏற்கெனவே செய்யும் ஜெபத்தையோ, திக்ரையோ (முஸ்லிம்கள் இறைவனை நினைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லும் துதி) நிதானமாகச் செய்யச் சொல்லலாம், அவர் விரும்பினால்.

அப்புறம், நான் மிக முக்கியமாக நினைப்பது இது: கொடுமைக்கு ஆளானவர் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் பழைய நினைவுகள் பாய்ந்து வரலாம். கண் திறந்தபடியே, பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் இரண்டு நிமிடம் போதும். பதற்றம் கூடினால் உடனே நிறுத்திவிடலாம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.